ஒடுக்கு எடுக்கறது... பெயிண்ட் இல்லாம!

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் ஆணி பிடுங்கும் ஆசாமி. இரும்பைப் பற்றித் தெரிந்ததை விட, இன்சூரன்ஸ் பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும். அதற்கேற்றபடி படித்துக்கொள்ளவும்.

"ஈயம் பூசறது... ஒடுக்கு எடுக்கறது..." என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்களே, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பித்தளைக் குடம் கைதவறி விழுந்து வயிறு உள்ளே போயிருக்கும். அந்த மனுஷர் உள்ளே ஒரு இரும்பு உருண்டையைக் கொடுத்து, வெளியே மரச்சுத்தியால் டொக் டொக்கென்று தட்டி, பத்து நிமிஷத்தில் குடத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுத்துவிடுவார். குடத்துக்கு யாரும் பெயிண்ட் அடித்ததில்லை. கார் வந்தபிறகுதான் ஒடுக்கு 'டென்ட்' ஆகி, டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் ஆயின. இப்போது அந்த இரண்டையும் மறுபடி பிரித்துவிட்டார்கள். பெயிண்டைத் தொடாமல், உள்ளிருந்து கம்பியால் தள்ளி ஒடுக்கு எடுப்பது. ஆங்கிலத்தில் பிடிஆர் என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் உடையாத சின்ன ஒடுக்குக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடாதீர்கள். புதுப் பெயிண்ட் அடிக்கவும் விடாதீர்கள். கையிலிருந்து காசு கொடுத்து, பிடிஆர் தெரிந்த ஆளிடம் போங்கள்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. மைசூர் ராமாபுரத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, இங்கே இருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு நான்தான் இலவச நிதி ஆலோசகர். பேங்க்காரன் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! பெரும்பாலான கார்கள் தெருவில்தான் நிற்கின்றன. ஸ்கூட்டர் ஹேண்டில் பாரும், பையன்களின் கிரிக்கெட் பந்தும் அவற்றைச் சும்மா விடுவதில்லை. தசராவுக்கு சொந்தக்காரர்கள் படையெடுக்கும் பத்து நாளும் பார்க்கிங் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' ரகம்தான். போன மாதம் சேலத்துக்கார நண்பர் ஒருவரின் காரில், முன்கதவில் உள்ளங்கை அளவு ஒடுக்கு. பெயிண்ட் கொஞ்சமும் உரியவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கே இருந்த பையன் சொன்னானாம்: "சார், இன்சூரன்ஸ்ல போட்டுடலாம். நீங்க ஃபைல் சார்ஜ் ஆயிரம் ரூபா மட்டும் கட்டினா போதும். பின்னாடி டோர்ல இருக்கற பழைய கோடு, அந்த ஃபெண்டர் எல்லாத்தையும் இதுலயே சேர்த்து அடிச்சுக் குடுத்துடறோம்."

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த வருஷ ப்ரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது வருஷம் 50-ல் நிற்கும். இதுதான் நோ க்ளெய்ம் போனஸ். தேர்ட் பார்ட்டி ப்ரீமியத்தில் இந்தத் தள்ளுபடி கிடையாது. நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில் மட்டும்தான். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் போதும், ஏணியிலிருந்து நேராகப் பாம்பின் வாயில். மறுபடி சைபர்.

தள்ளுபடிக்கு முன் அந்தப் பகுதியின் ப்ரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் 50 சதவீதத்தில் இருக்கிறார், 6,000 கட்டுகிறார். க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் 12,000. அதற்கடுத்து 9,600. பிறகு 9,000, 7,800, 6,600. ஆறாவது வருஷம்தான் பழைய 6,000-க்குத் திரும்புவார். கூடுதலாகக் கட்டியது 6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600. மொத்தம் 15,000 ரூபாய். (காரின் மதிப்பு வருஷா வருஷம் இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். ஒப்புக்கொள்கிறேன்.)

சரி, இதற்குப் பதிலாக இன்சூரன்ஸ் கம்பெனி என்ன தரும்? டிங்கரிங் 3,000, பெயிண்டிங் 6,000, ஆக 9,000 ரூபாய் பில் என்று வையுங்கள். பெயிண்டிங் பில்லில் 25 சதவீதத்தைப் பெயிண்டின் விலையாகக் கணக்கு வைத்து, அதில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். அது 750. கட்டாயக் கழிவு 1,500 சிசி வரை உள்ள காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. அந்தப் பையன் சொன்ன 'ஃபைல் சார்ஜ்' இதுதான். ஃபைலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! ஆக நமக்குக் கிடைப்பது 7,250 ரூபாய். 7,250 வாங்கிக்கொண்டு 15,000 திருப்பிக் கட்டுகிற கடனை எங்கள் கிளையில் யாராவது கொடுத்தால் கந்துவட்டி என்று போர்டு பிடிப்பார்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் 'கஸ்டமர் கேர்'.

'பம்பர் டு பம்பர்' எடுத்திருக்கிறேனே என்பவர்களுக்கு: அது அந்த 750-ஐத்தான் காப்பாற்றும். போனஸைக் காப்பாற்ற தனி ஆட்-ஆன் உண்டு, அதற்குத் தனி ப்ரீமியம், தனி நிபந்தனைகள். வருஷத்துக்கு எத்தனை க்ளெய்ம் வரை என்று பொடி எழுத்தில் தேடிப் பாருங்கள்.

பழைய கோட்டையெல்லாம் 'சேர்த்து அடிக்கிற' விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் செய்வதுதானே என்று நண்பரின் மனைவியே கேட்டார், "நாமளாண்ணா ஏமாத்தறோம், அவங்கதானே எழுதிக்கறாங்க?" எழுதுவது அவர்கள்தான், கீழே கையெழுத்து யாருடையது? க்ளெய்ம் ஃபாரத்தில் விபத்து நடந்த தேதியும் இடமும் கேட்டிருக்கும். மூன்று வெவ்வேறு நாளில் விழுந்த மூன்று அடிகளை ஒரே நாளில் விழுந்ததாக எழுதி, கீழே நம் கையெழுத்தைப் போடுகிறோம். என் மேஜைக்கு இப்படி ஒரு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வந்தால் அதற்கு நான் வைக்கும் பெயர் வேறு. ஒரு கதவு ஒடுக்குக்காக அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது இன்னொரு இடத்தில். நீங்கள் ஒழுங்காக நிறுத்தி வைத்த காரை எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான். உங்கள் பாலிசியில் க்ளெய்ம் போட்டால் அப்போதும் உங்கள் போனஸ்தான் போகும். தப்பு யார் மேல் என்ற கேள்வியே அங்கே இல்லை. இடித்தவனின் இன்சூரன்ஸில் வாங்கலாம் என்றால் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு ஒடுக்குக்காக எவன் அலைவான்? அதனால்தான் நம் ஊரில் எல்லாமே நடுரோட்டில், கையை ஓங்கிக்கொண்டு, ஐநூறு ரூபாய் நோட்டில் முடிகிறது.

கடல் கடந்து இருப்பவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான். மலேசியாவில் தள்ளுபடி 25-ல் தொடங்கி 30, 38.33, 45 என்று 55 சதவீதம் வரை ஏறும், உங்கள் பாலிசியில் ஒரு க்ளெய்ம் போட்டால் சைபர். சிங்கப்பூரில் வருஷத்துக்குப் பத்து பத்தாக 50 வரை. அங்கே கொஞ்சம் ஈரம் உண்டு, 50-ல் இருப்பவர் உங்கள் தப்பில் ஒரு க்ளெய்ம் போட்டால் 20-க்கு இறங்குவார், சைபருக்கு அல்ல. இன்னொன்று, போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றுவிட்டு ஊர் மாறும்போது கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் சம்பாதித்த போனஸையும் இந்தியாவில் கேட்டுப் பார்க்கலாம், 2002-ன் இந்திய மோட்டார் டாரிஃபிலேயே அதற்கு வழி வைத்திருந்தார்கள். ஊர் திரும்புபவர்கள் பழைய கம்பெனியின் கடிதத்தைத் தொலைக்காமல் கொண்டு வாருங்கள்.

பணக்கணக்கு போதும். பெயிண்டுக்கு வருவோம்.

தொழிற்சாலையில் காரின் வெற்று உடம்பை அப்படியே தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். மின்சாரத்தின் உதவியால் துருத்தடுப்புப் பூச்சு மூலை முடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ப்ரைமர், நிறம், கடைசியில் கண்ணாடி மாதிரி க்ளியர் கோட். நடுநடுவே அடுப்பில் வேகவைப்பார்கள், சூடு 140 டிகிரிக்குப் பக்கம். பட்டறையில் அது முடியாது. சீட்டும் வயரும் பிளாஸ்டிக்கும் உள்ள முழுக்காரை அந்தச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும்? அதனால் அங்கே 60 டிகிரி போலத்தான். பட்டறைக்காரர் கெட்டிக்காரராக இருந்தால் நிறம் அச்சாகப் பொருந்தும். ஆனாலும் தொழிற்சாலைப் பூச்சு ஒரு தடவைதான், சுரண்டிவிட்டால் போனது போனதுதான்.

அந்தப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும், ஏறக்குறைய இரண்டு தலைமுடி கனம். பழைய கார் வாங்குபவர்கள் இப்போது கையடக்கமாக ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள், கதவில் வைத்தால் கனத்தைச் சொல்லிவிடும். மறுபடி அடித்த இடத்தில் எண் ஏறும். பட்டி போட்டிருந்தால் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். "சார், இந்தக் கார் அடிபட்டிருக்கு" என்று விலையில் கை வைப்பார்கள். ஸ்கூட்டர் ஹேண்டில் பட்ட ஒடுக்குதான் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றல் வாங்கி, ஊர் ஊராகக் கார் விற்று வாங்கும் என் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், குடத்துக்கு ஒடுக்கு எடுப்பதைப் பார்த்த மாதிரியேதான் இருக்கும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றியோ, கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகவோ நீளமான இரும்புக் கம்பியை உள்ளே விடுகிறார். வெளியே கோடு போட்ட ஒரு விளக்குப் பலகை. அந்தக் கோடுகளின் பிம்பம் கார் மேல் விழும். ஒடுக்கு உள்ள இடத்தில் கோடு வளையும். அவர் தகட்டைப் பார்ப்பதே இல்லை, கோட்டைத்தான் பார்க்கிறார். கம்பி நுனியால் உள்ளிருந்து ஒரு அழுத்து, கோடு மயிரிழை நிமிரும். இன்னொரு அழுத்து. ஒடுக்கைச் சுற்றி விளிம்பில் ஒரு மேடு எழும்பியிருக்கும், பள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த மேடுதான். அதை வெளியிலிருந்து நைலான் முனையால் தட்டித் தட்டித் தணிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகடு. ஒரு இடத்தில் ஜாஸ்தி தள்ளிவிட்டால் இழுபட்டு, எண்ணெய் டின் அடி மாதிரி டப் டப்பென்று அடிக்க ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வைத்தியமே கஷ்டம். கம்பி போக வழியில்லாத இடத்தில் சூடான பசையால் பிளாஸ்டிக் துண்டை ஒட்டி வெளியே இழுப்பார்கள். உள்ளங்கை ஒடுக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம்.

அதனால்தான் "ரெண்டு மணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுபவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அந்தக் கண்ணும் கையும் வர வருஷக்கணக்கில் பழைய கதவுகளைக் கெடுத்துக் கற்றிருப்பார். கடன் கேட்டு வந்தால் எங்கள் படிவத்தில் அவருடைய சொத்து 'கம்பிகள், விளக்கு' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கையில் இருக்கும் வித்தையை எழுத அதில் கட்டமே கிடையாது. ஜாமீன் கேட்காத முத்ரா கடன் 2015-ல் வந்தது இப்படிப்பட்டவர்களுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். (இது என் சொந்தக் கருத்து, வங்கியின் கருத்தல்ல. வேலை போய்விட்டால் தங்கமணிக்கு யார் பதில் சொல்வது!)

எல்லா ஒடுக்கும் இதில் போகாது. பெயிண்ட் வெடித்திருந்தால் போகாது. கத்தியால் மடித்த மாதிரி கூர்மையான மடிப்பு, கதவின் ஓரம், இரட்டைத் தகடு உள்ள தூண் பகுதி, இங்கெல்லாம் ரொம்பக் கஷ்டம். ஏற்கெனவே பட்டி போட்ட இடத்தில் தள்ளினால் பட்டி பெயர்ந்து விழும். அலுமினியத் தகட்டுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். பம்பர் பிளாஸ்டிக், அதன் கதையே வேறு, சில சமயம் வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினாலே வந்துவிடும். ஹேர் டிரையரால் சுட்டு ஐஸ் வைத்தால் கதவு ஒடுக்கு 'டக்'கென்று வெளியே வரும் என்று யூட்யூபில் காட்டுவதை நம்பி தங்கமணியின் டிரையரில் கை வைக்க வேண்டாம். ஒடுக்கும் போகாது, வீட்டில் சண்டைதான் மிச்சம்.

க்ளெய்மே போடக்கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஆலங்கட்டி மழைக்கு என் கணக்கு அப்படியே தலைகீழ். (கன்னடத்தில் 'ஆலிகல்லு மளெ' என்கிறார்கள். பழந்தமிழிலும் ஆலங்கட்டிக்கு ஆலி என்றுதான் பெயர். இங்கே வந்துதான் நம் சொல்லையே கேட்டேன்.) சிட்னி நண்பர்களுக்கு 1999 ஏப்ரல் 14 மறந்திருக்காது. நம்ம சித்திரை முதல் நாள். அன்று சாயங்காலம் நகரின் கிழக்குப் பகுதியில் கொட்டிய ஆலங்கட்டியில் 40,000 வண்டிகள் வரை சேதம். விமான நிலையத்தில் நின்ற விமானங்களைக்கூட விடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுத்தது 170 கோடி ஆஸ்திரேலிய டாலர், அந்த நாட்டில் அதுவரை காணாத தொகை. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக்கிலும் இப்படித்தான், லட்சக்கணக்கில் கார்கள் அடிவாங்கின. ஒரு காரின் கூரையில், பானட்டில் நூறு நூற்றைம்பது குழி விழுந்தால் கைக்காசு எப்படிக் கட்டுபடியாகும்? அங்கே க்ளெய்ம் போடத்தான் வேண்டும், இன்சூரன்ஸ் எடுத்ததே அதற்குத்தான். ஆனால் க்ளெய்ம் போட்டாலும் வேலையைப் பெயிண்ட் இல்லாத முறையில் செய்யச் சொல்லுங்கள். ஆலங்கட்டிக் குழி உருண்டையாக, பெயிண்ட் உடையாமல் விழும், இந்த வித்தைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. அந்த நாடுகளில் புயல் எங்கே அடிக்கிறதோ அங்கே கம்பிப் பெட்டியோடு போய் இறங்கும் ஆட்களே இருக்கிறார்கள், அறுவடைக்கு ஊர் ஊராகப் போவார்களே, அந்த மாதிரி.

நம் பக்கம் ஒரு ஏமாற்று வேலை நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போர்டில் 'பெயிண்ட் இல்லாமல்' என்று எழுதியிருக்கும். காரை விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். சாயங்காலம் வந்தால் ஒடுக்கு இருக்காது, ஆனால் உள்ளே பட்டியை அப்பி அந்த இடத்துக்கு மட்டும் ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றைக் கொண்டு போங்கள். துணி சுற்றி, கதவின் மற்ற இடத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டும். வேலை செய்த இடத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கி விழுந்தால் கீழே பட்டி.

சேலத்து நண்பர் கடைசியில் கைக்காசு 2,500 கொடுத்து முடித்துக்கொண்டார். கதவைப் பார்த்து அவர் மனைவிக்குத் திருப்தி, எனக்கு ஒரு டம்ளர் காபி. பின்கதவின் பழைய கோடு அப்படியேதான் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

டெலிவரி எடுக்கும்போது உச்சி வெயிலில் பார்க்காதீர்கள், எல்லாக் காரும் வெயிலில் அழகுதான். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து, லைட்டின் பிம்பத்தைக் கதவு மேல் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து வாருங்கள். ஒடுக்கு இருந்த இடத்தில் அந்தக் கோடு வளையாமல் நேராகப் போகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் காசைக் கொடுங்கள்.